துகிரானின் ஓடும் எழுத்துகள்

“ர்ர்ர்ர்…” என்று வாயால் உறுமிக்கொண்டுதான் துகிரான் ஸ்டிக்கர் தாளை வெட்டுவார். கத்தி வளைவில் திரும்பும்போது உறுமல் தணியும், நேர்கோட்டில் ஏறும். மாலாங் நகரத்தில் பைக்கின் பெட்ரோல் டாங்கியில் ஒட்ட எழுத்து வேண்டுமென்றால் பையன்கள் அவர் கடைக்குத்தான் வருவார்கள். எழுத்து ஒவ்வொன்றும் தடித்தடியாக இருக்கும். கொண்டையும் கிடையாது, வாலும் கிடையாது. எல்லாம் வலப்பக்கம் சாய்ந்து, எதிர்க்காற்றில் தலையைக் கொடுத்து ஓடும். “எழுத்து நின்னா வண்டியும் நின்னுடும் தம்பி” என்பார்.

பைக்குக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. பல் வைத்தியர் பலகைக்கும் அதே எழுத்து, பிணவண்டிக்கும் அதே எழுத்து. அதை ஒட்டிய நாளிலிருந்து வண்டி மையவாடிக்கு முந்திப் போய்விடுகிறது, பின்னால் வருகிறவர்கள் அழவும் நேரமில்லாமல் ஓடுகிறார்கள் என்று ஓட்டுநரே வந்து முறையிட்டார்.

சந்துத் தலைவர் எச்சரிக்கைப் பலகை கேட்டபோதும் மனிதர் உறுமியபடியே வெட்டிக் கொடுத்தார். ‘மெதுவாகப் போ, குழந்தைகள் இருக்கிறார்கள்’ என்று சிவப்பு எழுத்து சீறிப் பாய்ந்தது. அதன்பிறகு அந்தச் சந்தில் யாரும் மெதுவாகப் போகவில்லை. ஒருநாள் ஒரு பைக், சந்து முனையில் தள்ளுவண்டி போட்டு ருஜாக் என்னும் காரப் பழக்கலவை விற்கும் துகிரானின் மனைவி லஸ்மினியின் வெள்ளரிக் கூடைக்குள் போய் நின்றது. ஓட்டியவனைக் கேட்டால், பலகையைப் பார்த்ததும் கை தானாக முறுக்கிவிட்டது என்றான். துகிரானுக்கு உள்ளுக்குள் பெருமைதான். மனைவியின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டார்.

“இன்னிக்குக் கூடை, நாளைக்கு நான். எழுத்த நிமித்துங்க மாஸ். இல்லன்னா வண்டியத் தள்ளிக்கிட்டு எங்கக்கா வீட்டோட போயிடறேன்.”

கணவரை ‘மாஸ்’ என்று மரியாதையாகக் கூப்பிட்டாலும் லஸ்மினி சொன்னால் செய்கிறவள். துகிரான் கடையைச் சாத்திக்கொண்டு கத்தியை எடுத்தார். முதல் எழுத்து சாய்ந்தது. அளவுகோலை வைத்து அழுத்திப் பிடித்து வெட்டினார், அதுவும் சாய்ந்தது. கடைசியில் தாளையே மேசைமேல் கோணலாக ஒட்டிவிட்டு, கை போன போக்கில் வெட்டினார். தாளைத் திருப்பியதும் எழுத்து சமர்த்தாக நிமிர்ந்து நின்றது. வாயிலிருந்து மட்டும் சத்தமே வரவில்லை.

புதுப்பலகை வந்ததும் பைக்குகள் ஊர்ந்தன. சிலர் நின்றே விட்டார்கள். நின்றவர்கள் ருஜாக்கும் வாங்கித் தின்றார்கள். கல்லில் மிளகாயையும் வெல்லத்தையும் சேர்த்து அரைத்தபடி லஸ்மினி கணவரைக் கூப்பிட்டாள். குரலில் பழைய குழைவு திரும்பியிருந்தது.

“எவ்வளவு அழகா நிக்குது பாருங்க மாஸ்.”

துகிரான் பலகைக்கு எதிரே போய் நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, எழுத்தெல்லாம் வலப்பக்கம் சாய்கிறவரைக்கும் தன் தலையை இடத்தோள் பக்கம் சாய்த்துக்கொண்டு, அவளுக்குக் கேட்காதபடி மெல்ல உறுமினார்.