மாங்கன்றுக்கு வெட்டிய குழி

திருச்சியில் எங்கள் வீட்டு மாடியில் பதினொரு வருஷம் குடியிருந்தவர்கள் அவர்கள், கணவனும் மனைவியும். இலங்கை அகதி என்று தெரிந்ததும் ஊரில் ஒருவரும் வாடகைக்கு வீடு கொடுக்கவில்லை. என் கணவர் கொடுத்தார். அவர் இறந்த வருஷம் எனக்குச் சோறு பொங்கிப் போட்டு, சாப்பிடும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அந்தப் பெண்தான். என்னைவிட இருபது வயது சின்னவள்.

யாழ்ப்பாணத்தில், வலிகாமம் வடக்கில், ராணுவம் பிடித்து வைத்திருந்த அவள் கணவருடைய காணியை விட்டுவிட்டது என்று செய்தி வந்ததும் இருவரும் ஊர் திரும்பினார்கள். "வீடு கட்டுறம், வந்து பாருங்கோ அக்கா" என்று போனில் விடாமல் கூப்பிட்டார்கள். தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றபின், அறுபத்திரண்டாவது வயதில் முதல் முறையாகப் பாஸ்போர்ட் எடுத்து, இரண்டு வாரம் தங்குவதாகக் கிளம்பினேன்.

அவர்கள் உடுவிலில் ஒரு வாடகை வீட்டில் இருந்துகொண்டு தினமும் காணிக்குப் போய் வந்தார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் ஆள் புழங்காத நிலம். பழைய வீட்டை ராணுவத்தினர் அடியோடு இடித்துச் சமப்படுத்திவிட்டிருந்தார்கள். மிஞ்சியது கிணறு ஒன்றுதான். திருச்சியில் எத்தனையோ கட்டடங்களுக்குச் சாந்து சுமந்து கொத்து வேலை பழகியவர் அவள் கணவர். இங்கே தன் சுவரைத் தானே எழுப்பிக்கொண்டிருந்தார். நான் போனபோது சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்திருந்தது. அவளோ வீடு எழும்பும்வரை காத்திருக்கவில்லை. சிவப்பு மண்ணில் கத்தரியும் மிளகாயும் பாத்தி கட்டி, வேலி ஓரம் முருங்கைத் தடி நட்டு வைத்திருந்தாள். எனக்கு எல்லாம் பிடித்திருந்தது, தெருக்கோடியில் இன்னும் நின்ற ராணுவ முள்கம்பி வேலியைத் தவிர. அதற்கு அப்பால் பார்க்கவே கூசியது.

நான் போன ஐந்தாம் நாள் காலை, ஒட்டு மாங்கன்று ஒன்று வாங்கி வந்தார்கள். கறுத்தக்கொழும்பான் என்ற யாழ்ப்பாணத்து வகை. "உங்கடை கையால நடுங்கோ அக்கா" என்றார் அவர். அவர் அலவாங்கு என்று அங்கே சொல்லும் கடப்பாரையால் குத்திக் குழி தோண்ட, நான் குந்தியிருந்து மண்ணைக் கையால் அள்ளித் இரும்புச் சட்டியில் போட்டேன். முழங்கால் ஆழம் போனபோது, விரலில் வேர் மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தேன். வேரில்லை. என் முன்கை நீளத்தில், பழுப்பேறிய ஓர் எலும்பு. அது வந்த இடத்தில் இன்னும் இரண்டு தெரிந்தன.

அவர் அலவாங்கை மெதுவாகக் கீழே வைத்தார். சுற்றும் முற்றும் பார்த்தார்.

"வெளியில தெரிஞ்சா வேலை நிண்டுபோம் அக்கா. பொலிஸ் வரும், வழக்கு, கோட்ஸ் எண்டு இழுபடும். திரும்பவும் காணியை மறிச்சா நான் எங்கை போறது?"

மனித எலும்பு என்றுதான் இருவருமே நினைத்தோம். எலும்பு இன்னும் என் கையில் இருந்தது. போலீஸ் வந்தால் எடுத்தது யார் என்று கேட்பார்கள். சுற்றுலா விசாவில் வந்தவள். ஊருக்குத் திரும்ப விடுவார்களா?

"மூடிடுங்க தம்பி," என்றேன். "வேற இடத்துல குழி வெட்டிக்கலாம். நாம எதையும் பார்க்கல."

திரும்பினேன். தேநீர்ப் போத்தலோடு அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. போத்தலைக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போய்ப் பாத்திக்குத் தண்ணீர் இறைக்க ஆரம்பித்தாள். அவர் குழியை மூடினார். நான் கிணற்றடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

அன்று முழுக்க அவள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மறுநாள் காலை நல்ல சேலை உடுத்திக்கொண்டு, "கடைக்குப் போயிட்டு வாறன்" என்று போனாள். நாங்கள் காணியில் இருந்தபோது அங்கே விதானையார் என்று சொல்லும் கிராம சேவகரோடு வந்து இறங்கினாள். அவள் கணவர் முகம் வெளுத்துவிட்டது.

"உமக்கு விசரே? என்ன செய்தனீர்?"

"சொல்ல வேண்டியதைச் சொன்னனான்," என்றாள். குரல் உயரவில்லை.

மதியத்துக்குள் போலீஸ் வந்து, மூடிய குழியைச் சுற்றி நாடா கட்டினார்கள். எலும்பைச் சோதிக்கும் சட்ட வைத்தியர் வந்து பார்க்கும்வரை யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. யார் கண்டெடுத்தது என்று கேட்டபோது, "நான்தான், தோட்டம் கொத்தேக்கை" என்று அவள் கணவர் சொன்னார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் பேசாமல் நின்றேன்.

மூன்று நாள் உடுவில் வீட்டில் அடைந்து கிடந்தோம். கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளவில்லை. அவர் முற்றத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வீதியையே பார்த்தபடி இருப்பார். இரண்டாம் நாள், அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே சொன்னாள்:

"எனக்கு ஒரு அண்ணை இருந்தவர் அக்கா."

பதினொரு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறோம். அவள் கரவெட்டி ஊர்க்காரி என்று தெரியும். அண்ணன் இருந்தது தெரியாது.

"பருத்தித்துறைக்கு மீன் வாங்கப் போனவர். சைக்கிளைத்தான் கண்டெடுத்தவை. அம்மா சாகுமட்டும் தேடினவ." துருவலைத் தட்டில் தள்ளினாள். "எங்கையோ ஆரோ தோட்டம் கொத்தேக்கை அவரின்ரை எலும்பும் வந்திருக்கும். அவையளும் உப்பிடித்தான் மூடியிருப்பினம்."

நான் சொன்னதும் அந்தச் சொல்தான். மூடிடுங்க. அவள் அதைக் குத்திக்காட்டவில்லை. அடுத்த தேங்காய் மூடியை எடுத்தாள்.

நான்காம் நாள் வைத்தியர் இரண்டு உதவியாளர்களோடு வந்தார். இளைஞர், பொறுமைசாலி. தூரிகையால் மண்ணை விலக்கி விலக்கி எடுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து அவர் எழுந்து கையுறையைக் கழற்றினார்.

"மனிசற்றை எலும்பு இல்லை. மாட்டுக் கண்டு." கன்றுக்குட்டியாம்.

அவள் கிட்டே போனாள். "வடிவாப் பாத்தனீங்களே ஐயா?"

"ஓம் அம்மா."

"திருப்பி ஒருக்கால் பாக்கேலாதே?"

வைத்தியர் சலிக்காமல் அவளைக் கூட்டிப் போய்த் தாடை எலும்பைக் காட்டினார். பல்லைக் காட்டி விளக்கினார். அவள் தலையாட்டினாள். நிம்மதி வந்த முகமில்லை அது.

அவள் கணவர் சிரித்தார். சத்தமாக, நிறுத்த முடியாமல். "மாட்டுக் கண்டுக்கு நாலு நாள் வேலை கெட்டுப்போச்சு அக்கா!" என்று என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தபோதே, உதவியாளர் ஒருவர் குழியிலிருந்து நீல நைலான் கயிறு ஒன்றை எடுத்துப் போட்டார். ஒரு முனையில் முடிச்சு அவிழாமல் இருந்தது.

சிரிப்பு நின்றது. அவர் கிணற்றைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். கிணற்றிலிருந்து குழிவரை காலால் அளந்து நடந்துவந்தார். பிறகு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

போலீசும் வைத்தியரும் போனபின் சொன்னார். அது மாட்டுக்கொட்டில் இருந்த இடம். ஷெல் விழ விழ ஊரே ஓடியபோது அவருக்குப் பதினேழு வயது. பாதி வழியில் அவர் அம்மா, கொட்டிலில் கட்டிக்கிடக்கும் கன்றை அவிழ்த்துவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்.

"எங்கடை தெரு முடக்கு மட்டும்தான் வந்தனான். பிறகு பயத்தில திரும்பி ஓடிட்டன். அவிட்டுவிட்டன் எண்டு அம்மாட்டைச் சொன்னனான். திருச்சி முகாமில சாகேக்கையும் அம்மா, 'அது எங்கையாவது மேய்ஞ்சு பிழைச்சிருக்கும்' எண்டுதான் சொன்னவ."

அவள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தோளில் கை வைக்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். நான் போய்ச் சேர்ந்துகொள்ளலாமா என்று நினைத்தேன். கிணற்றடியிலேயே நின்றேன்.

மிச்ச நாட்களில் வேலை மறுபடி தொடங்கியது. மாங்கன்றை முன்வாசல் பக்கமாக அவரே நட்டார். நான் நடவில்லை, யாரும் கேட்கவுமில்லை. விடைபெறும்போது அவள் பனங்கட்டியும் மிளகாய்த் தூளும் கட்டிக் கொடுத்தாள். எப்போதும் போலக் கட்டிப்பிடித்தாள். எப்போதும் போல இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.

இப்போது கூரை போட்டுக் குடிபுகுந்துவிட்டார்கள். படங்களை அவர்தான் அனுப்புகிறார். அவள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பேசுவாள். போன முறை தயங்கித் தயங்கிச் சொன்னேன்: "அன்னிக்கு நான் பயந்துட்டேன்மா."

"எனக்கும் பயம்தான் அக்கா," என்றாள். "விதானையாரிட்டைப் போகேக்கை கால் நடுங்கினது."

பிறகு, பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேனா என்று கேட்டாள். போடுகிறேன் என்றேன்.

வீட்டைப் பார்க்க வரச் சொல்லி அவர் இரண்டு தடவை எழுதிவிட்டார். அவள் இன்னும் கூப்பிடவில்லை. பாஸ்போர்ட் பீரோவில் இருக்கிறது. நான் டிக்கெட் எடுக்கவில்லை.