ஏரிக்குள் இறக்கிய வடை

எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். அந்த வாயால்தான் எனக்கு ஏரியை அளக்கும் வேலை கிடைத்தது.

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில், ஏரி கால்வாய்களைப் பார்த்துக்கொள்ளும் அரசு அலுவலகம் ஒன்றில் இருந்தேன். பாலிடெக்னிக்கில் சர்வே படித்துத் தேறியவள். கொடுத்ததோ டிரேசிங் மேஜை. ஆண்கள் வெயிலில் போய் அளந்து வருவார்கள். நான் உள்ளே உட்கார்ந்து அவர்கள் வரைந்ததை டிரேசிங் துணியில் மசியால் நகலெடுப்பேன். ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் 'அளவெடுத்தவர்' என்று ஒரு கட்டம் இருக்கும். இரண்டு வருஷமாக அதில் அடுத்தவர் பெயரையே முத்து முத்தாக எழுதிக்கொண்டிருந்தேன். பற்றிக்கொண்டு வரும்.

ஐயம்பேட்டைப் பக்கம் இருந்த பெரிய ஏரி தூர்ந்துகொண்டே வந்தது. எவ்வளவு தூர்ந்திருக்கிறது என்று கணக்குக் காட்டினால்தான் மேலிடத்தில் தூர்வார அனுமதி தருவார்கள். மூங்கிலை விட்டு அளந்தால் அது சேற்றுக்குள் இறங்கிப் பொய் சொல்லும். அதனால் சென்னையிலிருந்து லாரியில் ஒரு மோட்டார் படகும், பெட்டியில் ஒரு எக்கோ சவுண்டரும் வந்தன. மூன்று நாள் இரவல். பிறகு வேறு ஜில்லாவுக்குப் போய்விடும்.

பெட்டிக்குள் இருந்த புத்தகத்தை யாரும் பிரிக்கவில்லை. நான் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து முழுசும் படித்துவிட்டேன். தண்ணீருக்குள் தொங்கும் டிரான்ஸ்டியூசர் என்கிற கறுப்பு வட்டு கீழ்நோக்கிச் சத்தம் அனுப்பும். தரையில் பட்டுத் திரும்பும் சத்தத்தை அதுவே வாங்கும். போய்வர ஆன நேரத்தை வைத்து, மேலே இருக்கும் கருவி ஆழத்தைக் காகிதச் சுருளில் கோடாகப் போட்டுக்கொண்டே போகும். படகோடு வந்த டிரைவர் அண்ணன் அந்த வட்டைப் பார்த்தவுடனே "வடை" என்று பெயர் வைத்துவிட்டார்.

வடை இரண்டு இருந்தன. ஒன்று பெரியது, ஒன்று சின்னது. எங்கள் என்ஜினீயர் சார் பெரியதைத் தூக்கிப் பார்த்து, "இதையே மாட்டுங்க. பெரிசா இருந்தா நல்லா வேலை செய்யும்" என்றார்.

என் வாய் சும்மா இருக்குமா? "அது ஆழ்கடலுக்கு சார். அதோட சத்தம் தாழ்ந்த ஸ்தாயி, சேத்துக்குள்ள புகுந்துடும். சின்னது உச்ச ஸ்தாயி. சேத்து மேலேயே பட்டுத் திரும்பும். நமக்கு அதுதான் வேணும்" என்றேன்.

அறையே திரும்பிப் பார்த்தது. சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"சரிம்மா. நீயே போய் மாட்டு. சரியா வரலேன்னா மறுபடியும் டிரேசிங் மேஜைதான். அப்புறம் வெளிவேலைன்னு என்கிட்ட வரக் கூடாது."

எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பயமும் இருந்தது, ஆனால் சந்தோஷம்தான் அதிகம்.

முதல் நாள் முழுக்க மாட்டுகிற வேலை. படகு இரவல் என்பதால் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று எழுதியே அனுப்பியிருந்தார்கள். அண்ணன், பின்னால் என்ஜின் பக்கத்தில் கட்டிவிடலாம் என்றார். அங்கே விசிறி தண்ணீரைக் கலக்கி நுரையாக்கும்; நுரையில் இருக்கும் காற்று சத்தத்தை விழுங்கிவிடும். படகின் நடுவில், கொஞ்சம் முன்தள்ளி, பக்கவாட்டில் மாட்டலாம் என்றேன். கொல்லரிடம் ஒரு இரும்புக் குழாயும் இரண்டு பிடிகளும் வாங்கினோம். படகின் விளிம்பு அடிபடாமலும் குழாய் அதிராமலும் இருக்க, பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் பிடிகளுக்குள் வைத்து முறுக்கினோம். தூக்குக்குண்டு விட்டுக் குழாய் நேராக நிற்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன்.

"பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்ளோ பாக்க மாட்டாங்கமா" என்றார் அண்ணன்.

கடைசியாக வடையைக் குழாயின் அடியில் பூட்டினேன். எங்கள் வீட்டில் தறிக்கு, குறுக்கு நூலை இழுத்து ஓடும் நாடா புதிதாக வந்தால் விளக்கெண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் வைத்துத்தான் ஓட்டுவோம். அதே பக்தியோடு வடைக்கும் செய்தேன். நாளெல்லாம் தண்ணீரில் கிடக்கப்போகிறதே, பாவம் என்று எண்ணெயை மட்டும் இன்னும் ஒரு கை தாராளமாகவே தேய்த்தேன்.

மறுநாள் அமாவாசை. தறிகளுக்கு லீவு. பாதி ஊர் ஏரிக்கரையில் நின்றது. படகை உள்ளே விட்டு, ஒரு இரும்புத் தட்டைக் கயிற்றில் கட்டி, வடைக்கு நேர் கீழே ஐந்தடியில் இறக்கினோம். கருவி ஐந்தடியில் கோடு போட்டால் எல்லாம் சரி என்று அர்த்தம். ஸ்விட்சைப் போட்டேன். காகிதம் ஓடியது. கோடு இல்லை. தட்டும் இல்லை, தரையும் இல்லை. வெறும் காகிதம்.

மதியம் வரை வயரைப் பார்த்தேன், பேட்டரியைப் பார்த்தேன், புத்தகத்தைத் தலைகீழாகப் புரட்டினேன். கரையிலிருந்து ஒருவர், "ஏரியில தரையே இல்லியாமா?" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. சார் கரையில் நின்றபடியே சொன்னார்: "நாளைக்குப் பத்து மணி வரைக்கும் பாரு. இல்லேன்னா பெரிசை மாட்டிடலாம்." குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அதிகம் சுட்டது.

குழாயை மேலே தூக்கினேன். வடையின் முகத்தில் தண்ணீர் ஒட்டவே இல்லை. துளித்துளியாக நின்று உருண்டு விழுந்தது.

அந்தத் துளிகளை எனக்குத் தெரியும். என் அப்பா பட்டுநூலுக்குச் சாயம் போடுகிறவர். எண்ணெய்க் கை பட்ட நூலைத் தொட்டியில் முக்கினால் தண்ணீர் இப்படித்தான் ஒதுங்கி நிற்கும். அந்த இடத்தில் சாயம் ஏறாது. வடையும் தண்ணீரும் தொட்டுக்கொள்ளவே இல்லை. நடுவில் எண்ணெயும் அதில் ஒட்டிய காற்றும். நுரைக்குப் பயந்து என்ஜினை விட்டு அவ்வளவு தூரம் தள்ளி மாட்டியவள், காற்றை நானே என் கையால் பூசிவிட்டிருக்கிறேன்! வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் படகில் எழுந்து நின்று குதிக்கவும் தோன்றியது.

வீட்டுக்கு ஓடினேன். பட்டின் பசை போக வேகவைக்கும் சவுக்காரத்தையும் சோடாவையும் ஒரு பொட்டலம் கட்டினேன்.

"எதுக்குமா?" என்றார் அப்பா.

"வடை கழுவ, நைனா."

அவர் பொட்டலத்தில் இன்னும் ஒரு பிடி போட்டார்.

மூன்றாம் நாள் காலையில் கரையில் உட்கார்ந்து, மெல்லிய துணியால் வடையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். சந்தனம் குங்குமமும் போயிற்று. "சாமி கோச்சிக்கினு போயிடப் போவுது" என்றார் அண்ணன். ஏரித் தண்ணீரை ஒரு கை அள்ளி ஊற்றினேன். துளி நிற்கவில்லை. ஈரம் முகம் முழுக்க ஒரே சீராகப் பரவியது.

சார் வந்தபோது மணி ஒன்பதரை. இந்தத் தடவை அவரும் படகில் ஏறினார். என்ன தப்பு நடந்தது என்று மறைக்காமல் சொன்னேன். அவர் வாயைத் திறக்குமுன் ஸ்விட்சைப் போட்டேன். எழுதுமுள் காகிதத்தைச் சுட்டுக்கொண்டு ஓடியது. கருகின வாசனை வந்தது. ஐந்தடியில் ஒரு கறுப்புக் கோடு! தட்டை மெல்ல ஏற்றினேன், கோடு ஏறியது. இறக்கினேன், இறங்கியது. அதற்கும் கீழே இன்னொரு கோடு, சாவகாசமாக மேடும் பள்ளமுமாக.

"தரை! சார், தரை!" என்று கத்தினேன். கரை வரைக்கும் கேட்டிருக்கும். அண்ணன் என்ஜினை உயிர்ப்பித்தார். சாயங்காலம் லாரி வருவதற்குள் கரைக்கும் கரைக்கும் ஓடி ஓடி ஏரி முழுவதையும் சுருளில் ஏற்றிவிட்டோம். சாப்பிட மறந்துபோனேன். வாழ்க்கையில் அப்படி ஒரு பசி இல்லாத நாள் எனக்கு அதற்குமுன் வாய்த்ததில்லை.

அடுத்த வாரம் மறுபடி டிரேசிங் மேஜையில்தான் இருந்தேன். துணியில் அந்த ஏரியை மசியால் வரைந்து முடித்தேன். மூலையில் கட்டம் வந்தது. யாரும் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. 'அளவெடுத்தவர்' என்பதற்கு எதிரே என் பெயரை எழுதினேன்.

சார் வந்து குனிந்து பார்த்தார். என் வாய் அன்றைக்குத்தான் முதல்முறையாக அடைத்துப்போயிருந்தது.

"இன்னாம்மா இது, இனிஷியலை விட்டுட்டியே. அப்பா பேரு வேணாமா?" என்று சொல்லிவிட்டு, தன் அறைக்குப் போய்விட்டார்.

பேனாவை மசியில் தோய்த்து அந்த ஓரெழுத்தைச் சேர்த்தேன். அது மட்டும் கொஞ்சம் கோணல். பிளேடால் சுரண்டித் திருத்தியிருக்கலாம். நான் தொடவில்லை.