தீட்டு நாட்களில் வந்த மூச்சு

நான் மல்லாந்து படுத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சுவரில் சாய்ந்து, மடியில் தலையணையை வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியேதான் தூங்குவேன். படுத்தால் நெஞ்சின் மேல் அரிசி மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருக்கும். முருகன் அடியார்களே, அந்த மூட்டை எப்படி இறங்கியது என்பதைத்தான் எழுதுகிறேன். இனிப்பான கதை இல்லை. நம் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் இதைப் பாதியாகக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பாதியைத் திருத்தவும்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு பழங்காநத்தத்தில். நான், என் வீட்டுக்காரர், அத்தை, அதாவது என் மாமியார், அப்புறம் கொழுந்தன் குமார். பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். ஒரு கார்த்திகை மழைக்குப் பிறகு வறட்டு இருமல் ஆரம்பித்தது. தை பிறந்தும் நிற்கவில்லை. கூடவே சாயங்காலமானால் காய்ச்சல், படி ஏறினால் இரைப்பு. கரும்பலகை முன் நின்று ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பெற்றோர் புகார் செய்தார்கள். பள்ளியில் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

முதல் டாக்டர் வீசிங் என்று இன்ஹேலர் கொடுத்தார். அடுத்தவர், சளியில் கிருமி இல்லை, இருந்தாலும் டிபி மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்றார். போட்டுப் பார்த்தோம். சாப்பாடு இறங்கவில்லை, முடி கொட்டியது, இருமல் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. மூன்றாமவர் என் முகத்தையே பார்க்கவில்லை. வீட்டுக்காரரைப் பார்த்து, "வீட்டுல ஏதும் பிரச்சனையா? மனசுல எதையாச்சும் வச்சுக்கிட்டு இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத் தூக்க மாத்திரை எழுதினார். நான் என்ன பொம்மையா? எனக்கு வாய் இருந்தது. மூச்சுதான் இல்லை.

இதில் இன்னொரு கொடுமை. ஆஸ்பத்திரியில் சேர்த்தால் நாலைந்து நாளில் தேறிவிடுவேன். வீட்டுக்கு வந்தால் மறுபடி இழுக்கும். அத்தைக்கு அது போதும்.

"ஆஸ்பத்திரில நல்லாத்தான இருக்கா? வீட்டு வாசப்படி ஏறுனதும் இழுக்குதாம். அடுப்படியப் பாத்தா மூச்சு முட்டுதாக்கும்" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்வார். என் வீட்டுக்காரர் முதலில் சண்டை போட்டார். பிறகு வாயை மூடிக்கொள்ளப் பழகிவிட்டார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

குமார் மட்டும், "அண்ணே, நீ கடையப் பாரு. மதினிய நான் கூட்டிட்டுப் போறேன்" என்று பைக்கை எடுப்பான். வரிசையில் எனக்காக அவன் நிற்பான். "நீங்க பேசாதீங்க மதினி. தலைய மட்டும் ஆட்டுங்க. திட்ட வேண்டியத நான் திட்டிக்கிறேன்" என்பான். சிரித்தால் எனக்கு இருமல் வரும். தெரிந்தும் சிரிக்க வைப்பான்.

எனக்குப் பக்தி பத்தவில்லை என்று அத்தை முடிவு கட்டினார். சாமி அறையில் உட்கார்ந்து ஒரு மண்டலம் பாராயணம் செய்யச் சொன்னார். எங்கள் சாமி அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. ஓதம் ஏறிச் சுண்ணாம்பு உதிர்ந்ததால், மாமனார் காலத்திலேயே அந்தச் சுவரில் பலகை அடித்து, அதன் மேல் பெரிய முருகன் படத்தை மாட்டியிருந்தார்கள். அந்தப் படத்தை அசைத்தால் குடும்பம் விளங்காது என்பது அத்தையின் சட்டம். ஃபேன் காற்றில் விளக்கு அணையக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டு, சாம்பிராணிப் புகைக்குள் காலையும் மாலையும் உட்கார்ந்தேன். உட்கார உட்கார நோய் முற்றியது. முற்ற முற்ற இன்னும் அதிக நேரம் உட்கார்ந்தேன். மண்டலம் முடிந்தும் எழவில்லை.

அடுத்த மாசியில் குமார் என்னைத் திருப்பரங்குன்றம் கூட்டிப் போனான். என்னால் படியேற முடியவில்லை. முன் மண்டபத்தில் ஒரு தூணில் சாய்ந்துகொண்டு, அங்கிருந்தபடியே கேட்டேன். முருகா, ஒன்று என்னை எடுத்துக்கொள், இல்லையென்றால் இது என்னவென்று காட்டு, என்னை இப்படி நடுவில் வைத்து வதைக்காதே. குமார் உள்ளே போய்த் தரிசனம் முடித்து விபூதியோடு வந்தான்.

"என்ன தம்பி வேண்டுன?"

"எம்புட்டோ கேக்கணும்னுதான் போனேன் மதினி. அங்க போய் நின்னதும், மதினிக்கு மூச்சக் குடுன்னு மட்டுந்தான் வாயில வந்துச்சு."

அந்த மாதம் முடிவதற்குள், மேலூரிலிருந்து திரும்பி வரும் வழியில் ஒரு லாரி அவனை அடித்துப் போட்டுவிட்டது. அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சாவுத் தீட்டு. சாமி அறையைப் பூட்டினோம். பதினாறு கழியும்வரை எங்கள் வழக்கத்தில் அங்கே விளக்கேற்றுவதில்லை, யாரும் உள்ளே போவதில்லை. நான் கூடத்தில் கிடந்து அவனுக்காக அழுதேன். வாய்விட்டு, மாரில் அடித்துக்கொண்டு, தெருவே கேட்க அழுதேன். ஒரு வாரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அழுவதற்கு எனக்கு மூச்சு இருந்தது. பாயில் மல்லாந்து படுத்துத் தூங்கியும் இருக்கிறேன்.

அத்தையும் அதைப் பார்த்துவிட்டார். துக்கம் கேட்க வந்த சனத்தின் முன்னால் சொன்னார்: "எம்மகன் மூச்ச வாங்கிக்கிட்டுத்தான்டி நீ எந்திரிச்சிருக்க."

பெற்ற வயிறு எரிகிறது, பேசட்டும் என்று வந்தவர்கள் விட்டுவிட்டார்கள். எனக்கும் அது நிஜமாகவே பட்டது. அவன் வேண்டிக்கொண்டதும் அதுதானே? நன்றாகச் சுவாசித்த அந்த நாட்களைப் போல நான் எதையும் வெறுத்ததில்லை.

பதினாறு முடிந்து, வீட்டைக் கழுவிவிட்டு, சாமி அறையைத் திறந்தோம். நனைந்த சாக்கு நாற்றம் முகத்தில் அடித்தது. சாம்பிராணி போட்டதும் அமுங்கிவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு குமாருக்காக வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலமே காய்ச்சல் வந்தது. மறுநாள் உதடு நீலம் பூத்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

அங்கே நுரையீரல் பிரிவில் ஒரு பெண் டாக்டர். ஸ்கேனைப் பார்த்தார், பழைய சீட்டுகளைப் பார்த்தார், பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எப்பெப்ப முட்டுதுன்னு எல்லாருமே கேட்டிருப்பாங்க. எப்ப நல்லா இருந்துச்சு? அதச் சொல்லுங்கம்மா."

ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினேன். "வீட்டுல சாவு விழுந்தப்ப" என்றேன். சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதேன். அவர் பொறுத்திருந்து, "அந்த நாள்ல வீட்டுல எதச் செய்யாம இருந்தீங்க?" என்று கேட்டார்.

"சாமி ரூமுக்குள்ள போகல."

அறை எப்படி இருக்கும் என்று விசாரித்துவிட்டு, ஓதம் ஏறிய சுவரைப் பார்த்துவர என் வீட்டுக்காரரை உடனே வீட்டுக்கு அனுப்பினார். படத்தை எடுக்கக் கூடாதென்று அத்தை குறுக்கே நின்றிருக்கிறார். "ஒத்த உசுரு போனது போதும்மா, தள்ளிக்க" என்று இவர் சொல்லிவிட்டுப் படத்தை இறக்கிப் பலகையைப் பெயர்த்திருக்கிறார். போனில் எடுத்துவந்த போட்டோவைக் காட்டினார். சுவர் முழுக்கப் பூஞ்சை. கறுப்பாகவும் பச்சையாகவும் ஆட்டுத்தோல் மாதிரி அடர்ந்து கிடந்தது. நான் கும்பிட்டுக் கும்பிட்டு உள்ளே இழுத்தது அதைத்தான்.

இது தொற்று நோய் இல்லை என்று டாக்டர் விளக்கினார். பூஞ்சைத் தூள் நுரையீரலுக்குள் போகப் போக, நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே வெறிபிடித்து நுரையீரலை அடிக்கிறதாம். மாத்திரை அதை அடக்கும். ஆனால் அந்தக் காற்றை மறுபடி சுவாசித்தால் எந்த மாத்திரைக்கும் கேட்காது. தழும்பாகிப் போன பகுதி இனித் திரும்பாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். ஆகவே பூரண குணம் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். வேகமாக நடந்தால் இன்றைக்கும் இரைக்கிறது.

கொழுந்தனை எடுத்துக்கொண்டு முருகன் எனக்கு வழி காட்டினான் என்று நம் கூட்டத்தில் சிலர் சொல்லிப் பூரிக்கிறீர்கள். தயவுசெய்து என் காதில் விழச் சொல்லாதீர்கள். நான் கும்பிடுகிறவன் ஆளுக்கு ஆள் மாற்றிக் கொடுக்கிற கடைக்காரன் இல்லை. லாரிக்காரன் செய்ததை அவன் தலையில் கட்டாதீர்கள். யாருக்கும் தோன்றாத அந்தக் கேள்வியை அந்த டாக்டர் வாயில் கொண்டுவந்து வைத்தவன் முருகன். அதை மட்டும் நம்புகிறேன், முழுசாக நம்புகிறேன். அதற்கு நன்றி சொல்ல எனக்கு ஆயுசு பத்தாது.

அந்த அறையை இடித்துவிட்டோம். முருகன் இப்போது கூடத்தில், ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறான். காற்றில் விளக்கு அடிக்கடி அணைகிறது. அத்தை இன்னும் என் முகம் பார்த்துப் பேசுவதில்லை. ஆனால் ஜன்னலைச் சாத்துவதும் இல்லை. ஒவ்வொரு முறையும் எழுந்து போய் விளக்கைத் திரும்ப ஏற்றிவிட்டு வருகிறார்.

வருஷம் திரும்பியதும் திருப்பரங்குன்றம் போனேன். நின்று நின்று படியேறினேன். குமார் நின்று வேண்டிய சன்னதியில் நின்று, "நீ கேட்டது கெடச்சிருச்சு தம்பி" என்று சத்தமாகவே சொன்னேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கஷ்டத்தில் இருப்பவர்கள் கேளுங்கள். அழுது கேளுங்கள், கோபித்துக்கொண்டும் கேளுங்கள், அவன் தாங்குவான். செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு வாருங்கள். மூச்சு முட்டுகிறவர்கள் வாசல் பக்கம் உட்காரலாம். நானும் அங்கேதான் இருப்பேன்.