பாசிர் ரிஸ் கடலும் பரீதா அக்காவும்

பாலர் பள்ளியில் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, கைகழுவும் இடத்தில் நின்றுகொண்டுதான் அந்தக் குரல்பதிவைக் கேட்டேன். பேசியவர் பரீதா அக்காவின் கணவர் இஸ்மாயில் அண்ணன். "மாலதி, பரீதா மவுத்தாயிட்டா. காலையிலதான், தூக்கத்துலயே. அஸர் தொழுகைக்கு அப்புறம் எடுக்கறோம். வந்துடுங்க." பின்னணியில் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம். எதிர்பார்த்திருந்த செய்திதான். எதிர்பார்த்திருந்ததால் எதுவும் குறைந்துவிடவில்லை. குழாயை மூடாமல் நின்றிருக்கிறேன் போல. சக ஆசிரியை வந்து மூடினார்.

நம் சனிக்கிழமைக் குழுவில் நடந்தவர்கள், துடுப்புப் போட்டவர்கள் எல்லாருக்கும் பரீதா அக்காவைத் தெரியும். ஆனால் உங்களில் பலர் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். அவர் எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தார், வந்து என்ன செய்தார் என்று சொல்ல நானும் என் கணவர் செந்திலும் மகள் தாரிணியும்தான் இருக்கிறோம். அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் கரூரிலிருந்து இங்கே வந்தது செந்திலின் வேலைக்காக. தாரிணி அப்போது தொடக்கநிலை ஒன்று. செந்தில் காலையில் போனால் இரவுதான் வருவார். வங்கி வேலையை விட்டுவிட்டு வந்த எனக்கு, பன்னிரண்டாவது மாடியில் ஒரு வாடகை வீடும், ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையும்தான் சிங்கப்பூர். ஓராண்டு போனதும் முடிவு செய்துவிட்டேன். பள்ளி விடுமுறை வந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடுவது, செந்தில் வேண்டுமானால் தனியாக இருந்து சம்பாதிக்கட்டும் என்று. அவரும் சண்டை போட்டுக் களைத்து, சரி என்று சொல்லிவிட்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேக்கா மீன் கடையில் வாவலைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு, "இது இங்க கடல்ல பிடிச்சதா?" என்று கடைக்காரரைக் கேட்டேன். பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. கட்டம் போட்ட சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய கறுப்புத் துண்டு, தோளில் பெரிய பை. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அவர்தான் பரீதா அக்கா.

"இங்க கடலு இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? பார்த்திருக்கீங்களா?"

"பார்த்திருக்கேன். விமானத்துல இருந்து."

"எங்க இருக்கீங்க?"

"பாசிர் ரிஸ்."

அவர் கடைக்காரரைப் பார்த்தார். "கேட்டீங்களா அண்ணே? கடற்கரையிலேயே வீடு. கடல விமானத்துல இருந்து பார்த்திருக்காங்களாம்." பிறகு என் பக்கம் திரும்பி, "நானும் பாசிர் ரிஸ்தான். வாங்க, சேர்ந்து போலாம்" என்றார்.

இரண்டு பைகளிலும் மீன் தண்ணீர் ஒழுக, எம்ஆர்டி ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து வீடு வந்தோம். அவர் பேருந்து ஓட்டுநர் என்பதை அந்தப் பயணத்தில்தான் தெரிந்துகொண்டேன். மாடிப் பேருந்து ஓட்டுவார். கடையநல்லூரிலிருந்து வந்த குடும்பம், இவர் பிறந்தது இங்கே. பிள்ளைகள் இல்லை. கணவர் இஸ்மாயில் தையல்கடை வைத்திருக்கிறார். ஓய்வு நாளில் காட்டுக்கும் கடலுக்கும் போவதாகச் சொன்னபோது, ஏன் என்று கேட்டேன். "நாள் முழுக்க ஒரே ரோடு லா. லீவு நாள்லயாவது ரோடு இல்லாத எடத்துக்குப் போக வேணாமா?"

நான் ஊருக்குத் திரும்பப்போவதையும் சொன்னேன். அவர் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. "போங்க. ஆனா வந்த ஊர ஒரு தடவ பார்த்துட்டுப் போங்க. சனிக்கிழமை பிள்ளையக் கூட்டிட்டு வாங்க. நல்ல துணி வேணாம்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை சாங்கி படகுத்துறையிலிருந்து புலாவ் உபின் தீவுக்குப் போனோம். வாடகை சைக்கிளில் மண்பாதை வழியே போய், ஒரு மேட்டில் சாப்பாட்டை வைத்துவிட்டுக் குவாரிக் குளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு காட்டுப்பன்றி குட்டிகளோடு வந்து நான் கட்டிக்கொண்டு வந்த புளியோதரைப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தது. நான் கத்தினேன். தாரிணி அழத் தயாரானாள். பரீதா அக்கா அவளைப் பார்த்து, "அம்மா சமையல் நல்லாருக்குன்னு எப்படித் தெரிஞ்சது அதுக்கு?" என்று நிதானமாகக் கேட்டார். அழப்போனவள் சிரித்துவிட்டாள். அன்று மூவரும் அக்காவின் பையிலிருந்த பிஸ்கட்டைத் தின்று பசியாறினோம். வீட்டுக்கு வந்ததும் தாரிணி தன் அப்பாவிடம் பன்றி நடந்த நடையை நடந்து காட்டினாள். வெகுநாள் கழித்து எங்கள் வீட்டில் மூன்று பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தோம். அடுத்த வாரமும் போனோம். அதற்கடுத்த வாரமும். விடுமுறை வந்தது, போனது. ஊருக்குத் திரும்பும் பேச்சை நாங்கள் யாரும் எடுக்கவில்லை.

அடுத்து நான் சொல்ல நினைப்பது சேற்றில் நடந்தது.

தாரிணி தொடக்கப்பள்ளி முடித்து எழுதிய பி.எஸ்.எல்.இ. தேர்வின் முடிவு வந்த வாரம். நாங்கள் எதிர்பார்த்த பள்ளி கிடைக்காது என்று தெரிந்துவிட்டது. செந்தில் திட்டவில்லை. அவளோடு பேசாமல் இருந்தார். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பாட்டு மேசையில் தட்டுச் சத்தம் மட்டும் கேட்கும். மூன்றாம் நாள் அக்கா போன் செய்தார். "இன்னக்கி சாயங்காலம் தண்ணி நல்லா வத்துது. மூணு பேரும் சாங்கிக்கு வாங்க." வருகிற மனநிலையில் யாரும் இல்லை என்றேன். "மனநிலைய வீட்ல வச்சிட்டு வாங்க. பழைய ஷூ போட்டுக்குங்க."

செந்தில் அலுவலகத்திலிருந்து நேராக, அலுவலகக் காலணியோடு வந்தார். கரையிலேயே நிற்பதாகச் சொல்லிவிட்டார். கடல் வெகுதூரம் பின்வாங்கியிருந்தது. ஈர மணலும் கடற்புல்லும் மாலை வெளிச்சத்தில் விரிந்துகிடந்தன. அக்காவோடு முன்னால் போயிருந்த தாரிணி திடீரென்று குனிந்து, "அப்பா, இங்க வாங்க, நட்சத்திரமீன்" என்று கூப்பிட்டாள். மூன்று நாளாக அவள் சொல்லாத வார்த்தை அந்த அப்பா.

செந்தில் யோசிக்கவில்லை. சுற்றிப் போகும் மணல்திட்டை விட்டுவிட்டு நேராக நடந்தார். பத்தடி போவதற்குள் முழங்கால்வரை சேற்றில் இறங்கிவிட்டார். ஒரு காலை எடுத்தால் மற்றது இன்னும் உள்ளே போனது. நான் ஓடப்போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க மாலதி. ஒண்ணும் ஆகாது. அவ பார்த்துக்குவா."

தாரிணி மணல்திட்டின் ஓரம்வரை வந்து கையை நீட்டினாள். "அப்பா, ஆடாதீங்க. ஆடினா இன்னும் உள்ள போவீங்க. என்னைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா ஒரு காலத் திருப்புங்க."

அவர் பிடித்துக்கொண்டார். ஆனால் காலைத் திருப்பவில்லை. அப்படியே நின்றார்.

"நான் நல்லாத்தான்பா எழுதினேன்" என்றாள் அவள்.

"தெரியும்மா."

"அப்ப ஏன் பேச மாட்டேங்கறீங்க?"

"என்ன பேசறதுன்னு தெரியலம்மா."

இருவரும் கையை விடாமல் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் திரும்பி வரத் தொடங்கியபோதுதான் அக்கா குரல் கொடுத்தார். "மீதிய வீட்ல பேசுங்க. கடலு வருது." செந்தில் ஒரு காலணியைச் சேற்றிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தார். பேருந்தில் ஒற்றைக் காலணியோடு உட்கார்ந்திருந்தவரைப் பயணிகள் விநோதமாகப் பார்த்தார்கள். தாரிணி அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தாள்.

கயாக் என்ற சிறு துடுப்புப் படகு பின்னால்தான் வந்தது. உபின் தீவைக் கயாக்கில் ஒரு முழுச் சுற்று சுற்றிவர வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. ஒருமுறை நால்வரும் கிளம்பினோம். அக்காவும் தாரிணியும் ஒன்றில், நானும் செந்திலும் மற்றொன்றில். பாதிகூடப் போயிருக்க மாட்டோம். மேற்கே வானம் ஒரு கோடு போட்டதுபோல் கறுத்தது. சுமத்ராக் காற்று, சூறைமழையோடு வருவது. அக்கா துடுப்பை நிறுத்தினார்.

"திரும்பறோம்."

"வேகமாப் போட்டா முடிச்சிடலாம் அக்கா" என்றார் செந்தில்.

"தீவு எங்கயும் போயிடாது செந்தில். அடுத்த மாசமும் இங்கதான் இருக்கும். நாம இருக்கணும் இல்ல?"

கரைக்கு வந்து, தகரக் கூரைக்கு அடியில் நுழைந்ததும் மழை அடித்து இறங்கியது. கடல் இருந்த இடம் வெள்ளையாகிவிட்டது. அக்கா ஈரத்தலையோடு குடுவையிலிருந்து எங்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். முகத்தில் ஏமாற்றத்தின் சுவடே இல்லை. இரண்டாம் முறை கிளம்பியபோதும் இப்படித்தான் திரும்பினோம். மூன்றாம் முறைக்கு முன்னால் அவருக்கு நோய் வந்துவிட்டது.

கணையத்தில் புற்று. முதல் சுற்று மருந்து ஏற்றினார்கள். மிகவும் மெலிந்துபோனார். அடுத்த சுற்று வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டதாக இஸ்மாயில் அண்ணன் சொன்னபோது எனக்கு வந்தது கோபம்தான். நேராக அவர் வீட்டுக்குப் போனேன். சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர் இன்னும் வழி இருக்குங்கறார். நீங்களே விட்டுட்டா எப்படி அக்கா? நீங்களா இப்படி?"

"இருக்குன்னு சொல்லல மாலதி. இருக்கலாம்னு சொன்னார். நான் நல்லாக் கேட்டேன், அவரும் நல்லா வெளக்கமாச் சொன்னார்."

"முயற்சி பண்ணிப் பார்க்கலாம் இல்ல?"

அவர் என்னைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "எத்தன தடவ உங்கள எல்லாம் பாதியில திருப்பிக் கூட்டிட்டு வந்திருக்கேன்? அப்பல்லாம் கோவப்படலையே. அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு பின்னாலயே வந்தீங்க. இப்பவும் வாங்க லா."

நான் அழுதேன். அவர் என் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். சண்டை போடப் போனவளுக்கு அவர் ஆறுதல் சொல்லும்படி ஆனது.

அதன்பிறகு அவர் எங்களுக்கு ஒரே வேலைதான் வைத்தார். சனிக்கிழமை நாங்கள் தண்ணீருக்குப் போக வேண்டும், திரும்பும் வழியில் அவர் கட்டிலருகே வந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். உபின் சுற்றை நாங்கள் மூவரும் முடித்தது அப்படித்தான், அவர் அனுப்பி. வடக்குப் பக்கம் எப்படி இருந்தது என்று தாரிணியைத்தான் கேட்டார். மீன் வளர்க்கும் மிதவைகள், எதிரே மலேசியாவின் ஜொகூர்க் கரை, மரத்தில் உட்கார்ந்திருந்த இருவாச்சிகள் என்று அவள் சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக் கேட்டார்.

"இருவாச்சி எத்தன?"

"ரெண்டு, ஆன்ட்டி."

"நாலு இருந்திருக்கும். ரெண்டத்தான் நீ பார்த்த."

அடக்கத்தன்று வீடு நிறைய ஆட்கள். அவரோடு பணிசெய்த ஓட்டுநர்கள் சீருடையிலேயே வந்திருந்தார்கள். தூக்கிக்கொண்டு போனபின் நாங்கள் பெண்கள் வீட்டிலேயே இருந்தோம். அவர் கடைசியாகக் காயவைத்த நீச்சல்காலணி அப்படியே பால்கனியில் இருந்தது. யாரும் அதை எடுத்து உள்ளே வைக்கவில்லை.

சென்ற வாரம் இஸ்மாயில் அண்ணனைப் பார்க்கப் போயிருந்தோம். அவர் ஒருநாளும் எங்களோடு கடலுக்கு வந்ததில்லை. தண்ணீர் என்றால் பயம் என்று வெளிப்படையாகவே சொல்வார். தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, கடல் தெரியும் சமையலறை ஜன்னலோரம் நின்றபடி என்னிடம் கேட்டார்.

"அங்க போய் அவ என்னதான் பண்ணுவா மாலதி? வந்து ஒண்ணும் சொல்ல மாட்டா. நல்லாருந்துச்சும்பா, அவ்வளவுதான்."

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ஒன்றுதான். கரையைவிட்டுக் கொஞ்ச தூரம் போனதும், எவ்வளவு அவசரம் என்றாலும், அக்கா கயாக்கைத் திருப்பி நிறுத்துவார். வரிசையாக நிற்கும் அடுக்குமாடி புளோக்குகளில் தன் வீட்டு ஜன்னலைத் தேடுவார். "நம்ம ஆளு நிக்கறாரா பாருங்க" என்பார். எங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அவர் துடுப்பை உயர்த்தி ஒருமுறை ஆட்டிவிட்டுத்தான் மேலே போவார்.

அதைச் சொன்னேன். இஸ்மாயில் அண்ணன் ஜன்னலைக் காட்டினார்.

"நான் நிப்பேன்" என்றார். "அவ கெளம்பினதுலருந்து இங்கதான் நிப்பேன். ஆனா இங்கேருந்து எல்லாம் புள்ளி புள்ளியாத்தான் தெரியும். அதுல அவ எதுன்னு தெரியாது. அதனால எல்லாப் புள்ளிக்கும் கை காட்டுவேன்."

பரீதா அக்காவிடமிருந்து தைரியத்தைக் கற்றுக்கொண்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நான் இன்னமும் பயந்தவள்தான். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது, தண்ணீரில் இறங்கியதும் ஒருமுறை நின்று கரையைத் திரும்பிப் பார்ப்பதைத்தான். நேற்று போயிருந்தபோது துடுப்பை உயர்த்தி ஆட்டினேன். செந்தில் கயாக்கைக் கரைப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார். தாரிணியும் தன் துடுப்பை உயர்த்தினாள்.