முழங்காலிலிருந்து வராத வாசனை

கே.கே. நகரில் கிளினிக்கைத் திறந்து உட்கார்ந்தபோது ஜமீலா சிஸ்டரின் மகள் போன் செய்தாள். "மேடம், அம்மா விடியக்காலைல மௌத்தாயிட்டாங்க." காத்திருந்த நோயாளிகளைப் பார்த்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். சிஸ்டர் இருந்திருந்தாலும் அப்படித்தான் செய்யச் சொல்லியிருப்பார்.

அடையாறு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் எங்களோடு இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். மூச்சை எண்ணினால் சிஸ்டர் முழு நிமிடம் எண்ணுவார். நாமெல்லாம் கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கியவர்கள். கேட்டால், "அவசரம் நமக்குத்தான் மேடம், அவங்களுக்கு ஒரு நிமிஷம்னா ஒரு நிமிஷந்தான்" என்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு மதியம், பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் தனம்மாளை மகன் தூக்கிவந்தான். மூச்சு வேகமாக வாங்கியது. ஆனால் இரைப்பு இல்லை. வீட்டில் சண்டை என்றான் மகன். சரி, வெறும் படபடப்பு என்று முடிவுகட்டி, தூக்க மருந்தை ஊசியில் ஏற்றிக் கையில் எடுத்துவிட்டேன். அறை முழுக்க மூட்டுவலித் தைல நெடி. முழங்காலில் தடவியிருப்பாள் என்று அதையும் விட்டுவிட்டேன்.

"முப்பத்தெட்டு" என்று எண்ணி முடித்த சிஸ்டர் குனிந்து மோந்தார். "மேடம், வாசனை முட்டிலேர்ந்து வரல. வாயிலேர்ந்து வருது." பிறகு அவளிடம், "காதுல ஏதாச்சும் சத்தம் கேக்குதாம்மா?"

"ங்கொய்னு கத்திக்கினே கீதும்மா."

"தைலத்தக் குடிச்சியா?"

"வலி உள்ள கீது, மேல தடவுனா எப்டிப் போவும்? நேத்துலேர்ந்து வேளைக்கு ரெண்டு ஸ்பூன், வெந்நீர்ல."

அந்தத் தைலத்தில் இருப்பது சாலிசிலேட், ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு; உடம்பில் அளவு மிஞ்சினால் காது இரையும். ரத்தத்தில் அமிலம் ஏறிக்கொண்டிருந்தது. அந்த வேக மூச்சுதான் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தது. என் ஊசி அதை அடக்கியிருந்தால் ஆளே போயிருப்பாள். சிஸ்டர் கை நீட்டினார், போடாத ஊசியை அவரிடம் கொடுத்துவிட்டேன்.

சோடா பைகார்பனேட் டிரிப், கூடவே பொட்டாசியம், திரும்பத் திரும்ப ரத்தப் பரிசோதனை, டயாலிசிஸுக்கும் ஏற்பாடு. நாலாம் நாள் தனம்மாள் நடந்தே வீட்டுக்குப் போனாள். மகன் கும்பிட வந்தபோது சிஸ்டர் என்னைக் காட்டி, "மேடம்தான் கண்டுபுடிச்சாங்க" என்றார். நான் மறுக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

இன்று அவர் வீட்டில், வந்திருந்தவர்கள் முன்னால் மகளிடம் சொன்னேன்: "கண்டுபிடிச்சது உங்கம்மாதான்."

"தெரியும் மேடம்" என்றாள். "கை நீட்டினதும் மேடம் ஊசியக் குடுத்துட்டாங்க, வேற யாராச்சும்னா சண்டைக்கு வந்திருப்பாங்கன்னு அம்மா எப்பவும் சொல்வாங்க."

முழு நிமிடம் எண்ணும் வழக்கத்தை எப்போதோ அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். இனி, என்னைப் பற்றி அவர் சொன்ன இந்தச் சொல்லும் என்னிடம் இருக்கும்.