கோப்பிப் பாட்டு

சபாபதி பாகவதருக்குப் பகலில் ரயில்வே பட்டறையில் வேலை, சாயங்காலமானால் ஆர்மோனியம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கேரி தீவு வரைக்கும் எந்தக் கோயில் திருவிழாவானாலும் அவர் கச்சேரி இருக்கும். ஊரைவிட்டுக் கப்பலேறி இந்தச் சீமைக்கு வந்து இறங்கிய வருஷம், வழியெல்லாம் வாந்தியெடுத்த கதையை ஒரு பாட்டாகக் கட்டினார். 'ஆடுதடி கப்பலு, ஆத்தா என் வயித்துல' என்று அவர் ஆரம்பித்தால் போதும், கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்கும். அந்தக் காலத்தில் ஒன்ஸ்மோர் என்றால் சட்டம் மாதிரி. கேட்டுவிட்டால் மறுபடி பாடியே தீரவேண்டும். இருபது வருஷமாக அந்த மனிதர் மேடை மேடையாக வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார்.

ஊரே முழுகிய அந்தப் பெருவெள்ளத்துக்குப் பிறகு புதிதாக ஒன்று கட்டினார். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததும் மனைவி இராஜம்மாவையும் கோழிகளையும் கூரைமேல் ஏற்றிய கதை அது. 'ஏணி போடு ஏணி போடு, ஏறிக்கோடி ராஜம்மா' என்று வரும். கப்பல் பாட்டைவிட இது நூறு பங்கு உசத்தி என்பது அவர் கட்சி. ஜனங்கள் கட்சி வேறு. கச்சேரி ஆரம்பத்தில் பாடினால் கூட்டமே வந்து சேர்ந்திருக்காது. கடைசியில் பாடலாமென்றால், கப்பல் பாட்டு முடிந்த கையோடு பாயைச் சுருட்டிவிடுவார்கள். சரியென்று நடுவில் வைத்தார். இதுதான் சமயமென்று எல்லாரும் எழுந்து கோப்பி குடிக்கப் போனார்கள். எந்தத் திருவிழாவானாலும் அடுப்பும் பானையுமாக வந்து கடை போட்டுவிடுகிற கன்னையாவுக்குக் கொண்டாட்டம். பாட்டுக்குக் கோப்பிப் பாட்டு என்றே பெயர் விழுந்துவிட்டது.

அதற்கும் ஒருநாள் ஒன்ஸ்மோர் வாங்காமல் ஓய்வதில்லை என்று பாகவதர் வைராக்கியமாக இருந்தார். செந்தூல் கச்சேரியில் அது வந்தேவிட்டது. பின்னாலிருந்து கணீரென்று ஒரு குரல். வீடு வந்து சேரும்வரை அவருக்குக் கால் தரையில் படவில்லை.

"கேட்டியா ராஜம்மா, ஒன்ஸ்மோர் கேட்டாங்க."

"கேட்டது கன்னையா," என்றாள் கச்சேரிக்குக் கூடவே வந்திருந்த இராஜம்மா. "நீங்க ரெண்டாந்தரம் பாடினா அவருக்கு இன்னொரு பானை கோப்பி ஓடும் லா."

பாகவதருக்கு அன்று சோறு இறங்கவில்லை. அடுத்த கச்சேரி கிள்ளானில். இனி அந்தப் பாட்டை வாயாலும் சொல்வதில்லை, பழைய சரக்கையே கொட்டிவிட்டு வருவது என்று கறுவிக்கொண்டு போனார். அப்படியே பாடினார். கப்பல் மூன்று தரம் ஆடியது. நான்காவது தரம் யாரும் கேட்கவில்லை, கூட்டம் நெளிந்தது.

முன்வரிசையில் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "பாகவதரே, கோப்பிப் பாட்டு எங்க? காலு மரத்துப்போச்சு."

ஆமாம், அதைப் பாடுங்கள் என்று நாலாபக்கமும் குரல் வந்தது. இதைவிட ஒரு பாட்டுக்காரனை அவமானப்படுத்த முடியாது என்று பாகவதருக்குத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தார். முதல் அடியிலேயே பாய்கள் காலி. எதிரே தூங்குகிற இரண்டு குழந்தைகளும் மேடையோரத்தில் இராஜம்மாவும்தான் மிச்சம். முதல் சரணம் முடிந்ததும் ஆற்றாமை தாங்காமல் நிறுத்திவிட்டார்.

பாட்டு நிற்கவில்லை. இரண்டாம் சரணம் கன்னையாவின் கடையிலிருந்து வந்தது. குவளையும் கையுமாக நின்ற அத்தனை பேரும் பாடிக்கொண்டிருந்தார்கள். கோழியைத் தேடுகிற இடம், ஏணி வழுக்குகிற இடம், எங்கேயும் ஒரு வார்த்தை பிசகவில்லை. இத்தனை வருஷமும் அங்கே நின்றபடியே கேட்டுப் பாடமாக்கியிருக்கிறார்கள். கன்னையா தாளத்துக்குத் தகுந்தபடி கோப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். 'ஏறிக்கோடி ராஜம்மா' வந்தபோது இராஜம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பாகவதருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை. அவர்களுக்கு ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தார். கடைசி அடி முடிந்ததும் மேடையில் எழுந்து நின்று, கோப்பிக் கடையைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார்.

"ஒன்ஸ்மோர்."