அழிக்கலாமா என்று கேட்ட திரை

வேலைக்கான தேர்வுக்குக் கைக்குழந்தையோடு போனேன். மகள் பிறந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. புட்டியை வாயில் வைத்தாலே துப்பிவிடுவாள். அதனால் எங்கள் மயிலாப்பூர் வீட்டிலிருந்து அம்மாவும் கூட வந்தாள். ஆழ்வார்பேட்டையில் அந்த அலுவலகத்தின் கீழே, வாட்ச்மேன் போட்டுக்கொடுத்த நாற்காலியில் இருவரையும் விட்டுவிட்டு மாடியேறினேன்.

தொண்ணூறுகளின் கடைசி வருஷம் அது. தேர்வு வைத்தவர் அங்கே தலைமைப் பொறியாளர். ஐம்பது வயதிருக்கும், சிரிக்காத முகம். லினக்ஸ் ஓடிக்கொண்டிருந்த ஒரு கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"இதுக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர உண்டாக்கி, அதுல விண்டோஸ் போடணும். மத்தியானம் ஒரு மணிக்குள்ள அது நெட்வொர்க்ல வரணும். நாங்க தினம் வேலை செய்யற மெஷின் இது. பாத்து."

திரையில் ஒரு ஜன்னலைத் திறந்து அதற்குள் பொய்யாக ஒரு கம்ப்யூட்டரை ஓடவைக்கும் மென்பொருள் அப்போதுதான் வந்திருந்தது. பத்திரிகையில் படித்திருந்தேன், தொட்டதில்லை. இருந்த நினைவகத்தில் பாதியை அதற்குக் கொடுத்தேன். டிஸ்க் என்று ஒரு பெரிய ஃபைலை உண்டாக்கினேன். சிடியைப் போட்டதும் நீலத்திரை வந்தது. டிஸ்க்கில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா என்று கேட்டது.

எந்த டிஸ்க்? நான் உண்டாக்கியதா, இவர்கள் வேலையெல்லாம் இருக்கும் நிஜ டிஸ்க்கா? கை விசைக்கு மேலேயே நின்றது. அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து அழுகை கேட்டது. என் மகளின் பசி அழுகை.

"சார், இது உள்ள இருக்கிற டிஸ்க்தானே?"

"நீங்கதான் சொல்லணும்."

முந்தைய திரைக்குத் திரும்பி, அங்கே காட்டிய டிஸ்க்கின் அளவைப் பார்த்தேன். நான் கொடுத்த அளவுதான். நிஜ டிஸ்க் அதைவிடப் பல மடங்கு பெரியது. தொடரச் சொன்னேன். ஃபைல்கள் ஏற ஆரம்பித்தன.

அழுகை நிற்கவில்லை. பால் கட்டி மார்பு வலித்தது.

"சார், கீழ என் குழந்தை அழறா. போய்ட்டு வரணும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "போங்க. ஆனா ஒரு மணின்னா ஒரு மணிதான்."

மாடிப்படிக்கு அடியில் அம்மா புடவைத் தலைப்பை விரித்து மறைத்துக்கொள்ள, பால் கொடுத்தேன். அவசரம் குழந்தைக்குப் புரியுமா, நிதானமாகக் குடித்தாள். "இந்த வேலை இல்லேன்னா இன்னொண்ணு. நெஞ்சு ஏன் இப்படி அடிச்சுக்கறது உனக்கு?" என்றாள் அம்மா. என் கணவருக்கு அப்போது வேலை இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

மேலே வந்தால் மறுபடி அதே நீலத்திரை, முதலிலிருந்து. எல்லாம் போயிற்று என்று நினைத்துவிட்டேன். பிறகுதான் புரிந்தது. ஃபைல்களை ஏற்றி முடித்துத் தானாக மறுபடி கிளம்பிய பொய்க் கம்ப்யூட்டர், உள்ளே இருந்த சிடியிலிருந்தே கிளம்பியிருக்கிறது. சிடியை எடுத்துவிட்டு மீண்டும் ஓடவிட்டேன். மங்கிய நிறங்களோடு விண்டோஸ் எழுந்து வந்தது. நெட்வொர்க் எண்ணைக் கொடுத்துப் பக்கத்து மெஷினைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. எண்ணைச் சரிபார்த்தேன், ஓர் இலக்கம் தப்பு. திருத்தியதும் பதில் வரிவரியாக வந்தது. ஒரு மணிக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது.

"அழிக்கலாமான்னு கேட்டப்ப ஏன் நின்னீங்க?" என்றார்.

"உங்க டிஸ்க்கா என் டிஸ்க்கான்னு தெரியல."

"உள்ளேருந்து எங்க டிஸ்க்க அதால தொட முடியாது. ஆனா தெரியாதப்ப நின்னீங்க. திங்கட்கிழமை வர முடியுமா?"

"வரேன் சார். ஆனா தினம் மத்தியானம் ஒரு தடவை வீட்டுக்குப் போய்ட்டு வரணும்."

அவர் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன்.

"வீடு எங்க?"

"மயிலாப்பூர்."

"சரி. சாயங்காலம் அந்த நேரத்த ஈடுகட்டிடுங்க."

மகள் சோறு தின்னப் பழகும்வரை, தினமும் மத்தியானம் வெயிலில் வீட்டுக்குப் போய்த் திரும்பினேன்.